ஆம்பளைன்னா அப்படி இப்படித்தானா? கொங்குப் பக்கத்திலிருந்து ஒரு பதில்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருக்கு வயது 28. ஊர் பெருந்துறைப் பக்கம், வேலை கோவையில். டேட்டிங் ஆப் மூலம் பழக்கமான சில பெண்களோடு உறவு இருந்திருக்கிறது. யாரையும் ஏமாற்றவில்லை, இரண்டு பேரும் தெரிந்துதான் பழகினோம் என்கிறார். இப்போது வீட்டில் பெண் பார்க்கிறார்கள். "எங்க அப்பாரு, அதாங்க தாத்தா, ரெண்டு குடும்பம் வெச்சிருந்தவரு. ஊரே அதைச் சிரிச்சுக்கிட்டுச் சொல்லும். நான் பண்ணினது மட்டும் தப்பாங்க? ஆம்பளை விஷயத்துல நம்ம ஊரு நெஜமா என்னதான் நெனைக்குது? பொண்ணு வீட்ல சொல்லணுமா?"

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் லாரித் தொழிலாளர்களுக்கான எச்.ஐ.வி. ஆலோசனை வேலையில் நெடுங்காலம் இருந்தவன் நான். அதனால் இந்தக் கேள்வியைப் பல உருவத்தில் கேட்டிருக்கிறேன். பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆணின் ஆசையை நம் ஊர் சரி என்றும் சொல்வதில்லை, தப்பு என்றும் சொல்வதில்லை. கணக்குக் கேட்காமல் விட்டுவிடுகிறது, அவ்வளவுதான். அந்தச் சலுகை எல்லா ஆணுக்கும் கிடைப்பதில்லை. கிடைத்தவனுக்கான செலவை அவன் கட்டுவதுமில்லை.

மாப்பிள்ளை விசாரிக்கப் போகும்போது பார்த்திருப்பீர்கள். பெண்ணின் தாய்மாமனும் தரகரும் பையன் ஊர் டீக்கடையில் வண்டியை நிறுத்துவார்கள். பேச்சு மழையில் ஆரம்பிக்கும். அப்புறம் தோட்டம் எத்தனை ஏக்கரா, கிணற்றில் தண்ணி நிற்கிறதா, போர் எத்தனை அடி, கடன் கிடன் உண்டா, பங்காளித் தகராறு ஏதாவது இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக வரும். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "பையன் தண்ணி போடுவாப்லயாங்க?" என்பார்கள். டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே சொல்வார்: "தங்கமான பையனுங்க. வயசுல எல்லாருமாட்ட அப்படி இப்படி இருந்திருப்பாப்ல. ஒரு கண்ணாலத்தப் பண்ணி வெச்சுட்டா எல்லாஞ் செரியாப் போயிருமுங்க." தாய்மாமன் தலையாட்டுவார். 'அப்படி இப்படி' என்றால் என்ன என்று அந்த இடத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். போர் அடியை மட்டும் இன்னொரு கடையில் விசாரித்துச் சரிபார்ப்பார்கள்.

அதே வாரத்தில் பையன் வீட்டாரும் விசாரிப்பார்கள். பெண் ஹாஸ்டலில் தங்கிப் படித்ததா, காலேஜுக்கு எந்தப் பஸ்ஸில் போய் வந்தது, கூடப் படித்த பையன்கள் யாராவது வீட்டுக்கு வந்ததுண்டா, முன்னால் ஏதாவது 'பேச்சு' இருந்ததா என்று கேட்பார்கள். ஒரு முறை யாருடனோ வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனாள் என்ற செய்தி போதும், சம்பந்தம் முறிந்துவிடும். கோவையில் கல்யாணத்துக்கு முன் விசாரித்துக் கொடுக்கும் துப்பறியும் ஆட்கள்கூட இருக்கிறார்கள். மாப்பிள்ளையையும் விசாரிக்கிறார்கள்தான். ஆனால் அதில் பெரும்பாலும் தேடுவது கடன், குடி, சூதாட்டம், ஏற்கெனவே கல்யாணம் ஆனவனா என்பதைத்தான்.

இந்தப் பார்வைக்குப் பழமொழிகள் தயாராக இருக்கின்றன. ஆம்பளை சேற்றைக் கண்டால் மிதிப்பான், தண்ணியைக் கண்டால் கழுவுவான் என்பார்கள். சொல்கிறவர் பெரும்பாலும் வீட்டில் மூத்த பெண்மணி, மருமகள் அழுதுகொண்டு வந்து நிற்கும் நேரத்தில். அதில் சேறு என்று குறிப்பிடப்படுவதும் ஒரு மனுஷிதான் என்பது யாருக்கும் உறைப்பதில்லை. முள், சேலை பழமொழியும் உங்களுக்குத் தெரியும். எது எதன் மேல் பட்டாலும் கிழிவது சேலை.

சட்டமும் வெகு காலம் இந்தப் பழமொழியின் பக்கம்தான் இருந்தது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 497ஆவது பிரிவு 1860 முதல் இருந்தது. இன்னொருவனின் மனைவியோடு அவன் சம்மதமில்லாமல் உறவு வைத்த ஆணைத்தான் அது தண்டித்தது. கணவன் சம்மதித்தால் குற்றமே கிடையாது. கல்யாணம் ஆன ஆண் கல்யாணமாகாத பெண்ணிடமோ பாலியல் தொழிலாளியிடமோ போனால் அந்தப் பிரிவு அவனைத் தொடாது. தன் கணவன் மீது மனைவி புகார் கொடுக்கவும் முடியாது. ஒரு ஆணின் வரப்பை இன்னொரு ஆண் தாண்டிவிட்டான் என்ற வழக்காகத்தான் அதைப் பார்த்தார்கள். உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 27 அன்று அதை ரத்து செய்தது. அன்று கிராமத்து டீக்கடையில், "இனிமே யாரு யாரோட வேணும்னாலும் போலாமாமா" என்று பேசிக்கொண்டதைக் கேட்டேன். அதுவரைக்கும் யார் போய்க்கொண்டிருந்தார்கள் என்பதை அந்தப் பேச்சு மறந்துவிட்டது.

உங்கள் அப்பாரு விஷயத்துக்கு வருவோம். இரண்டு குடும்பம் வைத்தவர்களை ஊர் சிரித்துக்கொண்டே பேசியது உண்மைதான். ஆனால் எந்த ஆண் வைத்தாலும் அப்படிப் பேசியதா? தோட்டம், கிணறு, நாலு ஜோடி மாடு, பஞ்சாயத்தில் ஒரு வார்த்தை, இதெல்லாம் இருந்தவரைத்தான் 'மைனர்' என்றார்கள். அதில் கொஞ்சம் பெருமையும் கலந்திருக்கும். பண்ணையத்தில் கூலிக்கு இருந்தவன் அதே காரியத்தைச் செய்தால் அவனுக்கு வேறு பெயர். இந்துக்களுக்கு இருதாரத் தடைச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1949லேயே வந்துவிட்டது. 1955இல் இந்து திருமணச் சட்டம் நாடு முழுக்க அதை உறுதி செய்தது. அதன் பிறகு 'இளையாள்' என்று ஊரறியக் கட்டிக்கொள்வது குறைந்தது, 'தொடுப்பு' என்று தோட்டத்துச் சாளையில், அதாவது குடிசையில், வைப்பது தொடர்ந்தது. அப்படி வைக்கப்பட்ட பெண்களில் பலருக்குச் சொத்தில் பங்கும் கிடையாது, சபையில் மரியாதையும் கிடையாது. சிரித்துக்கொண்டே சொல்லப்படும் அந்தக் கதையில் உங்கள் ஆத்தா, அதாவது அவர் மனைவி, என்ன சொன்னார், அந்த இன்னொரு அம்மாவின் பிள்ளைகள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று ஒரு முறை விசாரித்துப் பாருங்கள்.

இன்னும் கசப்பான பக்கம் சாதி. தோட்ட வேலைக்கு வந்த அருந்ததியர் பெண்களிடம் பண்ணாடி (தோட்டக்காரர்) வீட்டு ஆண்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்பது எல்லாக் கிராமத்திலும் வயதானவர்களுக்குத் தெரியும், யாரும் பேச மாட்டார்கள். அதே மண்ணில் 2015 ஜூனில் பொறியியல் படித்த தலித் இளைஞர் கோகுல்ராஜ், கூடப் படித்த பெண்ணோடு திருச்செங்கோடு மலைக்கோயிலில் பேசிக்கொண்டிருந்தார் என்பதற்காகக் கடத்திக் கொல்லப்பட்டார். உடல் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் கிடந்தது. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்ட் அருகே, காதலித்துக் கல்யாணம் செய்துகொண்ட சங்கரைப் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். 'ஆம்பளைன்னா அப்படி இப்படித்தான்' என்ற தாராளம் இந்த இரண்டு பையன்களுக்கும் எங்கே போயிற்று? ஆகவே 'ஆண்களுக்கு நம் ஊரில் சுதந்திரம்' என்று யாராவது பொதுவாகச் சொன்னால் நான் ஒத்துக்கொள்வதில்லை.

சரி, எனக்கு நன்றாகத் தெரிந்த இடத்துக்கு வருகிறேன்.

நாமக்கல் என்றால் முட்டையும் லாரியும். திருச்செங்கோடு என்றால் ரிக் வண்டி. போர் போடும் அந்த வண்டிகள் ஆந்திரா, மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று போனால் பையன்கள் ஊர் திரும்ப மாதக் கணக்காகும். 18, 19 வயதில் கிளீனராக ஏறுகிறவன், அந்த வண்டியிலேயே எல்லாவற்றையும் கற்றுக்கொள்வான். கியர் மாற்றுவது, செக்போஸ்டில் பேசுவது, எந்த தாபாவுக்குப் பின்னால் என்ன கிடைக்கும் என்பது எல்லாம். பெண்ணிடம் போகாத கிளீனரை மற்றவர்கள் ஓட்டுகிற ஓட்டில் அவன் போய்விடுவான். ஆசையைவிட அந்தக் கேலிக்குப் பயந்து முதல் முறை போனவர்கள் அதிகம் என்பது நான் கேட்ட கதைகளிலிருந்து எனக்குத் தோன்றுவது.

அவர்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு. நாள் முழுக்க எஞ்சின் மேல் உட்கார்ந்து ஓட்டினால் உடம்புச் சூடு ஏறிவிடும், அதை இறக்கியாக வேண்டும், இறக்காவிட்டால் கண் எரியும், வயிறு வலிக்கும் என்பார்கள். சூடு இறங்க எண்ணெய்க் குளியல் ஒரு வழி, இளநீர் ஒரு வழி, பெண் ஒரு வழி. அதைத் தப்பு என்றே அவர்கள் நினைக்கவில்லை, உடம்புக்குச் செய்கிற பராமரிப்பாக நினைத்தார்கள். டயருக்குக் காற்றுப் பார்ப்பது மாதிரி.

அதே ஆள் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் சுவர் முழுக்க வேறொரு பாடம் ஒட்டியிருக்கும். 'இளமையில் செய்த தவறால் நரம்புத் தளர்ச்சியா? இல்லற வாழ்வில் திருப்தியில்லையா? பரம்பரை வைத்தியர் இந்த மாதம் இன்ன தேதி இன்ன லாட்ஜில்.' ஒரு துளி விந்து இத்தனை துளி ரத்தத்துக்குச் சமம் என்று அங்கே கணக்குச் சொல்வார்கள். துளிக் கணக்கு வைத்தியருக்கு வைத்தியர் மாறும். இதில் எதற்கும் மருத்துவ ஆதாரம் கிடையாது. விந்து தொடர்ந்து ஊறிக்கொண்டே இருப்பது, வெளியேறினால் உடம்பு தேயாது, சுய இன்பத்தால் நரம்பு தளராது. இந்தப் பயத்தை ஒரு நோய்க்குறியாகவே மனநல மருத்துவம் பதிவு செய்திருக்கிறது. 1960இல் டாக்டர் என்.என். விக் அதற்கு 'தாத் சிண்ட்ரோம்' என்று பெயர் வைத்தார். பாலியல் வீரியத்தைக் கூட்டுவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954ஆம் வருடச் சட்டமே தடுக்கிறது. போஸ்டர்கள் இன்னமும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கின்றன.

ஆக, நம் பையன் இரண்டு கட்டளைகளுக்கு நடுவே வளர்கிறான். இறக்காவிட்டால் சூடு, இறக்கினால் தளர்ச்சி. இரண்டுமே அவன் உடம்பைப் பற்றியதுதான். எதிரில் இருக்கும் பெண்ணுக்கு விருப்பம் இருக்கிறதா என்பது இரண்டு பாடத்திலும் வராது.

எங்கள் ஆலோசனை முகாம் முடிந்து மற்றவர்கள் கிளம்பிய பிறகு ஒருவன் மட்டும் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு நிற்பான். "சார், நம்ம சினேகிதன் ஒருத்தனுக்கு ஒரு சந்தேகமாம்" என்று ஆரம்பிப்பான். அந்தச் சினேகிதன் யார் என்று நமக்குத் தெரியும், நமக்குத் தெரியும் என்று அவனுக்கும் தெரியும். கேட்பது பெரும்பாலும் நோயைப் பற்றி இருக்காது. முதல் ராத்திரியில் முடியாமல் போனால் என்ன செய்வது, சீக்கிரம் முடிந்துவிடுகிறது, அளவு போதுமா, இதுதான். ஆயிரம் கிலோமீட்டர் தனியாக ஓட்டுகிறவன் இதை அண்ணனிடம் கேட்க முடியாது, அப்பனிடம் கேட்கவே முடியாது. நண்பர்களிடம் சொன்னால் ஆயுசுக்கும் பட்டப்பெயர். கணக்குக் கேட்காத ஊர் அவன் கஷ்டத்தையும் கேட்பதில்லை.

எய்ட்ஸ் வந்தபோதுதான் இந்த மௌனத்தின் விலை தெரிந்தது. இந்தியாவில் முதன்முதலில் எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில். டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் சோதித்தது காப்பகத்தில் இருந்த பாலியல் தொழிலாளர்களின் ரத்தத்தை. ஆராய்ச்சிக்கு அங்கிருந்து தொடங்கியதில் தப்பில்லை. ஆனால் அதன்பின் பல வருடம் நோய் என்றாலே அந்தப் பெண்கள் முகம்தான் ஊருக்கு ஞாபகம் வந்தது, வந்துபோன ஆண்கள் முகம் வரவில்லை. நாமக்கல் மாநிலத்தில் மிக அதிகமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒன்றானது. பிறகு 2000களின் தொடக்கத்தில் 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்ற விளம்பரம் சுவரெங்கும் வந்தது. கேலியாகச் சிரித்தார்கள் என்றாலும், பெண்ணிடம் போகும் ஆணை, கற்பனைப் பெயர்தான் என்றாலும், பெயர் சொல்லிப் பொதுச் சுவரில் ஏற்றியது அநேகமாக அதுதான் முதல் முறை. அந்த வகையில் எனக்கு அந்த விளம்பரத்தின் மேல் ஒரு மரியாதை உண்டு.

ஆலோசனை மையத்தில் திரும்பத் திரும்ப நடந்ததைச் சொல்கிறேன். கல்யாணமான பெண் மூன்று மாத கர்ப்பமாகப் பரிசோதனைக்கு வருவாள். கர்ப்பிணிகளுக்கு எச்.ஐ.வி. சோதனை செய்வது வழக்கம் என்பதால் வீட்டில் முதலில் தெரியவருவது அவளுடைய ரிசல்ட்தான். கணவன் லாரியோடு வெளியூரில் இருப்பான். மாமியார் கூட வந்திருப்பார். விஷயம் தெரிந்ததும் மாமியார் முதலில் கேட்பது, "இவ இதை எங்கிருந்து கொண்டாந்தா?" அப்புறம் கணவனை வரவழைத்துச் சோதித்தால் அவனுக்கும் இருக்கும். அவன் உடம்பு நிலையைப் பார்த்தால் பெரும்பாலும் அவனுக்குத்தான் முன்பே வந்திருக்கும் என்று தோன்றும். "வண்டி ஓட்டறவன், அப்படி இப்படி இருந்திருப்பான்" என்று மாமியார் அதையும் சொல்வார். இரண்டு வாக்கியமும் ஒரே வாயிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தபடி வரும்.

இப்போது நிலைமை அவ்வளவு பயங்கரம் இல்லை. கூட்டு மருந்து அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். ஒழுங்காகச் சாப்பிட்டு ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவு வழியாகப் பரவுவதில்லை.

எத்தனை ஆண்கள் இப்படி, எத்தனை பெண்கள் என்று கேட்பீர்கள். 2019-21இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், வாழ்நாளில் உறவு கொண்டவர்களின் சராசரி எண்ணிக்கை இந்திய அளவில் ஆண்களுக்கு 2.1, பெண்களுக்கு 1.7. கணவனோ மனைவியோ சேர்ந்து வாழ்பவரோ அல்லாத ஒருவரோடு அதற்கு முந்தைய ஒரு வருடத்தில் உறவு கொண்டதாகச் சொன்ன ஆண்கள் சுமார் 4 சதவீதம், பெண்கள் 0.5 சதவீதம். இந்தக் கணக்கை உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள், இடிக்கும். ஆண் பெண் உறவு ஒவ்வொன்றும் இரண்டு பக்கத்திலும் பதிவாக வேண்டும். இரண்டு பக்கக் கூட்டலும் கிட்டத்தட்டச் சமமாகத்தான் வர வேண்டும். வராததற்குக் காரணம், ஆண்கள் கூட்டிச் சொல்கிறார்கள், பெண்கள் குறைத்துச் சொல்கிறார்கள், பாலியல் தொழிலில் இருக்கும் பெண்கள் வீட்டுக் கணக்கெடுப்பில் சரியாக அகப்படுவதில்லை. மூன்றும் சேர்ந்துதான் இருக்கும். தமிழ்நாடு உள்ளிட்ட பதினொரு மாநிலங்களிலும் யூனியன் பிரதேசங்களிலும் பெண்களின் சராசரி ஆண்களைவிடக் கூடுதலாக வந்ததைப் பெரிய செய்தியாகப் போட்டார்கள். சராசரி என்பதைச் சில பேர் சொல்லும் பெரிய எண்ணே தூக்கிவிடும், அதனால் அதை வைத்தும் நான் எதுவும் கட்ட மாட்டேன்.

கொங்குப் பக்கத்துக்கே உரிய இன்னொரு விஷயம் கல்யாணமாகாத ஆண்கள். 35, 38 வயது, தோட்டம் இருக்கிறது, பெண் கிடைக்கவில்லை. பெண் சிசுவை வேண்டாமென்றவர்கள் நிறைய இருந்த வட்டாரம் இது. தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992இல் அரசு சேலத்தில்தான் தொடங்கியது. அன்று பிறந்திருக்க வேண்டிய பெண்கள் இன்று இல்லை. இருக்கிற பெண்கள் படித்துவிட்டுத் தோட்டத்து மாப்பிள்ளை வேண்டாம் என்கிறார்கள். தரகர்கள் பாலக்காட்டுப் பக்கம் பெண் தேடிப் போகிறார்கள். ஆணுக்கு ஆசை அடங்காது என்று பழமொழி சொல்லும் ஊர், இந்த மனிதர்களைப் பார்த்து மட்டும் "அவனுக்கென்ன, ஒண்டிக்கட்டை, நிம்மதியா இருக்கான்" என்கிறது. யாரிடமாவது போனால் கேவலம், போகாவிட்டால் 'ஏதோ கோளாறு'. எனக்கு மிகவும் பரிதாபமாகப் படுகிறவர்கள் இவர்கள்தான். ஆணையே விரும்பும் ஆண்கள் பாடு இதைவிட மோசம். அந்த உறவைக் குற்றமாக்கிய 377ஆவது பிரிவை 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் தளர்த்தியது, ஆனால் அவர்களுக்கும் ஊர் கொடுக்கும் மருந்து அதே கால்கட்டுதான். கூடவே ஒரு பெண்ணின் வாழ்க்கையும் போகிறது.

இனி உங்கள் தலைமுறை. கோவையில் பீளமேடு, சரவணம்பட்டி பக்கம் நிலைமை வேறு. ஹாஸ்டல், பிஜி, கையில் சம்பளம், போனில் ஆப். இரண்டு பேரும் தெரிந்தே பழகுவது, பிடிக்கவில்லை என்றால் விலகுவது. உங்கள் அப்பாரு செய்ததற்கும் இதற்கும் நான் பார்க்கும் பெரிய வித்தியாசம், எதிரில் இருப்பவள் முடியாது என்று சொல்ல முடிகிற இடத்தில் இருக்கிறாள். அது உண்மையிலேயே இருந்தால் நீங்கள் செய்தது அவர் செய்ததைவிட நாணயமானது என்பேன். ஊர் இதைத் தலைகீழாகப் பார்ப்பதற்குக் காரணமும் அதுதான். சம்மதம் சொல்ல முடிகிற பெண் ஊருக்குப் புதுசு.

சட்டப்படி இதில் குற்றமில்லை. கல்யாணத்துக்கு முந்தைய உறவு பற்றி 2005இல் கருத்துச் சொன்னதற்காக நடிகை குஷ்பு மீது தமிழ்நாட்டில் இருபதுக்கும் மேற்பட்ட வழக்குகள் போட்டார்கள். 2010இல் உச்ச நீதிமன்றம் அத்தனையையும் ரத்து செய்தது. ஒரு ஆண் நடிகர் அதே கருத்தைச் சொல்லியிருந்தால் இப்படித் துடைப்பத்தோடு போராடி வழக்கும் போட்டிருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம்தான். கோவையிலேயே 2019 ஜூனில், கல்யாணமாகாத ஒரு ஜோடி தங்கியிருந்தது என்பதையும் ஒரு காரணமாகக் காட்டி ஒரு சர்வீஸ் அபார்ட்மெண்டுக்குச் சீல் வைத்தார்கள். வயதுக்கு வந்த, கல்யாணமாகாத ஆணும் பெண்ணும் ஒரே அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று அந்த டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லி, சீலை எடுக்கச் சொன்னது.

ஆனால் மூன்று எல்லைகளை மறக்க வேண்டாம். 18 வயதுக்குக் கீழே என்றால் சம்மதம் என்ற பேச்சே கிடையாது, போக்சோ சட்டம் பாயும். கட்டிக்கொள்கிறேன் என்று, அந்த எண்ணமே இல்லாமல், பொய் சொல்லி உறவு வைத்தால் பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 69ஆவது பிரிவில் பத்து வருடம் வரை சிறை. 2024 ஜூலை முதல் அது அமலில் இருக்கிறது. மூன்றாவது, சம்மதமில்லாமல் எடுக்கிற, வைத்து மிரட்டுகிற படமும் வீடியோவும். பெண்களைப் பலாத்காரம் செய்து வீடியோ எடுத்து மிரட்டிய பொள்ளாச்சி வழக்கு வெளியே வந்த 2019இல் பக்கத்து ஊர்களில் பல வீடுகளில் முதலில் என்ன செய்தார்கள்? பெண் பிள்ளைகளின் போனைப் பிடுங்கினார்கள். பையன்களின் போனை யாரும் பிடுங்கவில்லை. விரும்பிப் பழகுவதும் மிரட்டிப் பணிய வைப்பதும் ஊருக்கு ஒரே கூடையில்தான் இருந்தது. பெண்ணுக்கு இரண்டுமே கெட்ட பெயர், பையனுக்கு இரண்டுமே வயசுக் கோளாறு. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை கொடுத்தபோதுதான் பலருக்கு அது வேறு இது வேறு என்று உறைத்தது. ஆப் வழியாக வரச் சொல்லிப் படமெடுத்துப் பணம் பறிப்பது இப்போது ஆண்களுக்கும் நடக்கிறது. அப்படி மாட்டினால் பணம் அனுப்பாதீர்கள், சைபர் குற்ற உதவி எண் 1930க்கு உடனே கூப்பிடுங்கள்.

கடைசியாக, பெண் வீட்டில் சொல்ல வேண்டுமா? பெண் வீட்டில் சொல்ல வேண்டிய அவசியமில்லை. தாய்மாமனுக்கும் தரகருக்கும் உங்கள் படுக்கையறை எதற்கு? கட்டிக்கொள்ளப் போகும் பெண்ணிடம் பேசுவது வேறு. அவர் கேட்டால் பொய் சொல்லாதீர்கள். கேட்காவிட்டாலும், நிச்சயத்துக்கு முன் தனியாகப் பேசக் கிடைக்கும் நேரத்தில் "எனக்கு முன்னால் பழக்கம் இருந்தது, இப்போது இல்லை" என்ற அளவுக்காவது சொல்வது நல்லது என்பது என் அபிப்பிராயம். பெயர், விவரம் எல்லாம் வேண்டாம், அந்தப் பெண்களின் ரகசியம் அது. அவருக்கும் முன்கதை இருக்கலாம். இருக்கக் கூடாது என்ற எதிர்பார்ப்பு உங்கள் மனசில் எங்காவது ஒளிந்திருந்தால், அதைப் பெண் பார்க்கப் போவதற்கு முன்பே தேடி எடுத்துவிடுங்கள். கற்பு என்றால் இருவருக்கும், இல்லாவிட்டால் ஒருவருக்கும் வேண்டாம் என்று உங்கள் ஈரோட்டுக்காரர் பெரியார் எப்போதோ பேசிவிட்டுப் போய்விட்டார். ஊர் அவருக்குச் சிலை வைத்ததோடு நிறுத்திக்கொண்டது.

சொல்வதற்கு முன்னால் ஒரு பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி, மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரி எல்லாவற்றிலும் 'நம்பிக்கை மையம்' இருக்கிறது. எச்.ஐ.வி. சோதனை இலவசம். உங்கள் சம்மதமில்லாமல் ரிசல்ட்டை வெளியே சொல்லக் கூடாது என்று 2017ஆம் வருட எச்.ஐ.வி. சட்டம் இருக்கிறது. தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று கூச்சமாக இருந்தால் வேறு ஊர் மையத்துக்குப் போங்கள், யாரும் கேட்க மாட்டார்கள். கடைசி உறவு முடிந்து மூன்று மாதம் ஆகவில்லை என்றால் இப்போது ஒரு முறை, மூன்று மாதம் கழித்து ஒரு முறை எடுங்கள். சிபிலிஸ், ஹெபடைடிஸ் பி சோதனையும் சேர்த்துக் கேளுங்கள். ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசி இருக்கிறது. ஆணுறை கிழிந்தது மாதிரி ஏதாவது நடந்தால் 72 மணி நேரத்துக்குள் டாக்டரிடம் போனால் எச்.ஐ.வி. தடுப்பு மருந்து ஆரம்பிக்கலாம், எவ்வளவு சீக்கிரம் போகிறீர்களோ அவ்வளவு நல்லது. சந்தேகம் இருந்தால் எய்ட்ஸ் உதவி எண் 1097க்குப் பேசுங்கள், பெயர் சொல்லத் தேவையில்லை. மெடிக்கலில் சும்மா வாங்கிப் போடும் வீரிய மாத்திரை வேண்டாம். இதயத்துக்கு நைட்ரேட் மருந்து எடுப்பவர்களுக்கு அது உயிருக்கே ஆபத்து. லாட்ஜ் வைத்தியரின் லேகியமும் வேண்டாம், அதில் என்ன கலந்திருக்கிறது என்று அவருக்கே தெரியுமோ என்னவோ.

பெண்ணும் சம்மதித்தால் நிச்சயத்துக்கு முன் இருவரும் சேர்ந்தே போய்ச் சோதித்துக்கொள்ளலாம். ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்க்கிற வீட்டில் இதைச் சொன்னால் முதலில் முகம் சுளிப்பார்கள். கம்பெனி இன்சூரன்ஸுக்கு மெடிக்கல் செக்கப் என்று சொல்லிக்கொண்டு போன ஜோடிகளை எனக்குத் தெரியும்.